பரங்கிக்காய்க்கு முதல் வெட்டு

"அருவாளை அப்படி ஓங்காதீங்க வாத்தியாரய்யா. காயை வெட்டத்தான் கூப்புட்டோம், காலை வெட்டிக்கிறதுக்கு இல்ல."

சொன்னவர் வள்ளிக்கண்ணு. என் முன்னால் கிழிந்த சாக்கின் மேல் ஒரு பரங்கிக்காய் இருந்தது. ஒரு ஆள் கட்டித் தூக்கினால் மூச்சு வாங்கும் அளவு. சுற்றிலும் அந்தத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நான் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்து அறியாதவன்.

ஓங்கினேன். போட்டேன். அரிவாள் தோலில் இரண்டு விரற்கடை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்று தூக்கினால் காயும் சேர்ந்து மேலே வந்தது. அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, பிள்ளைகள் மட்டுமா சிரித்தார்கள், மடியில் குழந்தையை வைத்திருந்தவளும் சிரித்தாள்.

வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை. "கீழ வைங்க. காம்புலேருந்து ஒரு வரி இறங்குது பாருங்க, அந்தப் பள்ளத்துல அருவாளை வைங்க. இந்தக் கட்டையால மேல ஒரு தட்டு. ஓங்கவே வேணாம்" என்றார்.

தட்டினேன். காய் இரண்டாகப் பிளந்து இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உருண்டது. உள்ளே மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். வெள்ளரிப்பழமும் பச்சைப் புல்லும் கலந்தது போல ஒரு வாசனை எழுந்து முகத்தில் அடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இன்றைக்குக் கறிகாய்க் கடையில் யாராவது பரங்கிக்காயைக் கீறினால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

கை மட்டும் என்னுடையது

திருவரங்குளத்திலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு சின்ன ஊர். அங்கே ஓராசிரியர் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் அந்த ஓராசிரியர். வயது இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் ஜாகை. சொந்தச் சமையல். அதன் லட்சணத்தைப் போன வாரமே எழுதிவிட்டேன், படித்த ஒரு வாசகி எனக்காக வருத்தப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அந்த அம்மாள் கவலைப்பட வேண்டாம். அந்த வருஷம் முழுக்க என்னைக் காப்பாற்றியது வேறொருவர் சமையல்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கிடையாது. சிலர் ரங்கூனில், சிலர் பினாங்கில். மிச்சமிருந்தவர்களும் சாலை வேலை, கிணற்று வேலை என்று பத்து நாள், இருபது நாள் வெளியூர் போய்விடுவார்கள். வீட்டையும் காட்டையும் மாட்டையும் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்த பெண்ணை நான் அந்த ஊரில்தான் பார்த்தேன்.

எல்லாம் செய்வார்கள். ஒன்றைத் தவிர. முழுப் பரங்கிக்காயில் பெண்பிள்ளை முதல் வெட்டு வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது. ஒரு ஆண் அதை இரண்டாகப் பிளந்து கொடுத்துவிட்டால் போதும், அதன் பிறகு பத்தை போடுவதும் நறுக்குவதும் பெண்கள் பாடு. புருஷன் கடல் தாண்டிப் போயிருக்கும் வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

மீசை முளைக்காத பையன் கை செல்லாது. தெருவில் நிரந்தரமாக இருந்த ஒரே ஆண் ஒரு கிழவர். அவர் கை நடுங்கி, போன வருஷம் காய்க்குப் பதிலாகத் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் மகள் அவரிடம் பாக்குவெட்டியைக்கூடக் கொடுப்பதில்லை. ஆகவே சர்க்கார் சம்பளம் வாங்கி, சட்டை போட்டு, மீசையும் வைத்திருந்த எனக்கு அந்தப் பதவி வந்தது.

ஒரு வீட்டில் காய் வெட்டினால் தெரு முழுக்க ஆளுக்கொரு பத்தை போகும். காம்போடு முழுசாக இருக்கிற வரை பரங்கிக்காய் மாதக்கணக்கில் கெடாது. வெட்டிவிட்டால் மூன்று நாள்தான். அதனால் இன்றைக்கு உன் வீடு, வாரம் கழித்து என் வீடு என்று முறை. வெட்டுக் கூலியாக எனக்கு எல்லா வீட்டிலிருந்தும் சமைத்த கறி வரும். ஆறு வீட்டுக் கறியையும் ஒரே உட்காரலில் ருசி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வள்ளிக்கண்ணு வீட்டுக் கிண்ணம் வந்தால் மற்ற ஐந்தையும் நான் ராத்திரிக்கு ஒதுக்கிவிடுவேன்.

ஒரு காய், நாலு சமையல்

அந்த வீட்டில் மூன்று பேர். வள்ளிக்கண்ணு, அவருடைய மாமியார் கருப்பாயி, நாலு வயதுப் பெண் குழந்தை. புருஷன் முத்தையா ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலை. மகள் பிறந்த வருஷம் போனவர்.

மழை பொய்த்த வருஷம் அது. வரகும் கேழ்வரகும் அரைகுறை. யுத்தம் வந்ததும் பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. ஆனால் வள்ளிக்கண்ணு ஆடியிலேயே குப்பைமேட்டில் பரங்கி விதை ஊன்றியிருந்தார். கிணற்றடியில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். கொடி மாட்டுக்கொட்டகைக் கூரையேறி வீட்டுக் கூரைக்கும் போயிற்று. தையில் பதினாறு காய். பரணில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்.

அந்த அம்மா கையில் ஒரு பரங்கிக்காய் பட்ட பாட்டை எழுத எனக்கு ஒரு வாரப் பக்கம் போதாது. சதையில் பாதி புளிக்குழம்பு. மொச்சையை முதல் நாள் ஊறவைத்துப் போடுவார், கிடைத்தால் ஒரு துண்டு கருவாடு. மீதிப் பாதி கூட்டு. கூட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார். "காய்க்குள்ளயே கெணறு இருக்கு. நம்ம ஊத்துனா ருசி ஓடிப்போயிரும்" என்பார். பெரிய துண்டமாகப் போட்டு, உப்பைத் தூவி, மூடி, சிறு தீயில் விட்டுவிடுவார். வெந்த துண்டம் அகப்பையில் முழுசாக வரும், வாயில் போட்டால் இருக்காது.

தோலை எறிந்ததில்லை. மிளகாயோடு வதக்கி, புளி வைத்து அம்மியில் அரைத்தால் துவையல். விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மகளுக்கு வறுத்துக் கொடுப்பார். நடுவில் இருக்கும் நார்க் குடலைக்கூடக் குழம்பில் கரைத்துவிடுவார். கொடி இருந்த நாளில் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகத் துவட்டியதும் உண்டு. மாட்டுக்குப் பாவம், காம்பு ஒன்றுதான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வரகுக் கஞ்சி. கையளவு வரகரிசி, அதற்கு மூன்று பங்கு பரங்கிக்காய், இரண்டும் குழைய வெந்ததும் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும். ஒரு ஆள் சாப்பாட்டுத் தானியத்தில் மூன்று பேர் வயிறு நிறையும். பஞ்ச காலச் சாப்பாடு என்று முகம் சுளித்துக்கொண்டு யாரும் அதைக் குடித்து நான் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கித்தான் குடித்தார்கள். நானும்தான்.

பிற்காலத்தில் எத்தனையோ கல்யாணப் பந்தியில் பரங்கிக்காய் சாப்பிட்டிருக்கிறேன். சர்க்கரை போட்டு, நெய் விட்டு, முந்திரி வறுத்து. சாப்பிடலாம். அவ்வளவுதான்.

கடிதம் நின்றது

மார்கழியில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்ததாகப் பேப்பரில் வந்தது. அதுவரை மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த முத்தையாவின் கடிதம் அதோடு நின்றது. நான்தான் அவற்றைப் படித்துக் காட்டுகிறவன். தபால்காரர் வாரம் ஒருமுறை வருவார். அவர் சைக்கிள் தெரு முனையில் திரும்பினால் கருப்பாயி எழுந்து நிற்பார். சைக்கிள் நிற்காமல் போனால் உட்கார்ந்துகொள்வார்.

பர்மாவிலிருந்து ஜனங்கள் மலைவழியாக நடந்தே வருகிறார்கள் என்று சேதி வந்தது. வழியில் நோய் என்றும் வந்தது. பேப்பரில் படித்ததில் நல்லதை மட்டும் நான் சொன்னேன். கருப்பாயி அதைக் கேட்டுக்கொண்டு, "நடக்கக் கூடியவந்தான் எம்மவன்" என்பார். மகன் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறான் என்ற நினைப்பிலேயே அந்த மனுஷி உயிரை வைத்திருந்தார். அவன் வழியில் ஒரு கல் இடறக்கூடாது என்பதற்காக வெள்ளி, செவ்வாய் விரதம் வேறு. காய் வெட்டும் நாளில் நான் அரிவாளை எடுக்கும்போது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்வார்.

நான் வராத மூன்று நாள்

இனிமேல் எழுதுவது எனக்குப் பெருமையான சங்கதி அல்ல.

பங்குனிக் கடைசியில் பள்ளிக்கூட ரிஜிஸ்தரைக் காட்டப் புதுக்கோட்டைக்கு வரச்சொல்லி இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. திங்கட்கிழமை புறப்பட்டேன். கருப்பாயிக்கு அப்போது குளிர்காய்ச்சல் கண்டு இறங்கியிருந்தது. எழுந்து உட்காரத் தெம்பில்லை. தெருவில் வெட்டிய காய் தீரும் நிலை. "வியாழக்கிழமை வந்துருவீங்கள்ல? அன்னைக்கு எங்க வீட்டு மொறை" என்று வள்ளிக்கண்ணு கேட்டார். கட்டாயம் வருவேன் என்றேன்.

புதன்கிழமையே வேலை முடிந்துவிட்டது. ஆனால் புதுக்கோட்டையில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. ஒருநாள் பார்த்தேன். நன்றாக இருந்தது. மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாள் வேறு நாடகம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பி, கரிப்புகையில் ஓடுகிற பஸ் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன்.

அந்த மூன்று நாளில் நடந்தது இது. வீட்டில் தானியம் அடிமட்டம். சர்க்கார் டிப்போவில் போடும் அரிசி வரவில்லை. அக்கம்பக்கத்திலும் அதே கதை. வெளியூர் வேலைக்குப் போன ஆண்களில் ஒருவரும் திரும்பவில்லை. கருப்பாயிக்குக் காய்ச்சல் விட்ட வயிறு. இரண்டு நாள் வெறும் வெந்நீர். மூன்றாம் நாள் காலை கூப்பிட்டால் பதில் வரவில்லை. பரணில் எட்டுக் காய் முழுசாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னாளாம். கிழவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவர் கையை அரிவாள் பிடியில் வைத்து, மேலே நீ பிடித்து அழுத்திவிடு, சாங்கியம் முடிந்தது என்று. வள்ளிக்கண்ணு மறுத்துவிட்டார். "அவரு கைய வச்சு நான் வெட்டுனாலும் வெட்டுறது நாந்தானே" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து ஒன்றை இறக்கி, வரியில் அரிவாளை வைத்துத் தட்டினார். கஞ்சி காய்ச்சி, மாமியாரை மடியில் சாய்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் புகட்டினார். சாயங்காலம் கருப்பாயி கண் விழித்துவிட்டார்.

இரண்டு அடுப்பு

ஞாயிற்றுக்கிழமை நான் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. முறத்தில் காய்ந்துகொண்டிருந்த விதையைக் கருப்பாயி பார்த்துவிட்டார். யார் வெட்டியது என்று கேட்டதற்கு வள்ளிக்கண்ணு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"எம்மவன் தலையில அருவாளைப் போட்டுட்டாளே. நான் செத்தா சாவுறேன், என் உசுரு போனா என்ன கொறைஞ்சு போச்சு?" கருப்பாயி மண்ணை வாரித் தூற்றினார். தெரு முழுக்க நின்று கேட்டது. நானும் கேட்டேன். என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். "மூணு நாளு முந்தி வந்துருக்கப்புடாதா ஐயா?" என்றார்.

பஸ் கதையை நான் சொன்னது அப்போதுதான்.

மறுநாள் கருப்பாயி முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. பேச்சும் இல்லை. வள்ளிக்கண்ணு மாமியாருக்கான தானியத்தைப் பங்கு பிரித்து, சுத்தம் செய்து, அந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். அதிலும் நல்ல பங்கு அவருக்குத்தான்.

"நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாங்க. அவுக மகனுக்காகக் கோவப்படுறாக. அது இருக்கட்டும்" என்றார் வள்ளிக்கண்ணு. "அவுக வந்து நிக்கட்டும், எல்லாம் சரியாப் போயிரும்."

முதலில் சொன்ன 'அவுக' மாமியார். இரண்டாவது புருஷன். புருஷன் பேரைச் சொல்லாத வழக்கம். இரண்டையும் ஒரே மரியாதையோடு சொன்னார். புருஷன் வராவிட்டால் இந்தத் தெருவில் தன் பெயர் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்தக் காயை வெட்டினார். இதை நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

வைகாசியில் வந்த தபால்

சைக்கிள் நின்றது. கவர் கல்கத்தாவிலிருந்து. எழுத்து முத்தையாவுடையது அல்ல. அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர், அவரோடு மில்லில் வேலை பார்த்தவர், எழுதியிருந்தார்.

கருப்பாயி என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். வள்ளிக்கண்ணு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். தெரு கூடிவிட்டது. இப்படிப்பட்ட கடிதத்தை முதலில் மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. உறையைக் கிழித்ததும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தையில் இருவரும் சேர்ந்து புறப்பட்டது, மலை ஏறியது, செருப்புத் தேய்ந்து வெறுங்காலோடு நடந்தது. "வருஷப் பிறப்பன்று ஒரு ஆற்றங்கரையில் தங்கினோம். கிடைத்த கொஞ்சம் அரிசியில் நாலு பேர் கஞ்சி வைத்துக் குடித்தோம். முத்தையா அண்ணன் தன் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்."

"கஞ்சி குடிச்சிருக்கான்" என்று கருப்பாயி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அடுத்த வரியில் என் கண் விழுந்தது. நிறுத்திவிட்டேன். அதற்கு நாலாம் நாள் அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது, மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது, நாங்களே அடக்கம் செய்தோம் என்று எழுதியிருந்தது.

என் நிறுத்தலிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "முத்தையா போயிட்டாருங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். கருப்பாயி தலையிலடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அழுகை தெருவை நிறைத்தது. கொஞ்சம் ஓய்ந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "எந்த மாசம்?"

அது யாருக்கான கேள்வி என்று எனக்குத் தெரியும். எல்லார் கண்ணும் நிலைப்படிக்குத்தான் போயிற்று. பங்குனிக் கடைசியில் காய் வெட்டப்பட்டது. சித்திரை ஐந்தாம் தேதி அவர் இறந்திருக்கிறார். இடையில் பத்துப் பன்னிரண்டு நாள். அந்தக் காயை நான் வெட்டியிருக்க வேண்டும். கொட்டகையில் விசில் அடித்துக்கொண்டிருந்த நான்.

"மாசி மாசம்" என்றேன்.

கூட்டம் மூச்சு விட்டது. கருப்பாயிகூட அழுகையை நிறுத்தித் தலை நிமிர்ந்தார். நான் கடிதத்தை மடிக்கப் போனேன்.

"வருசப் பொறப்பன்னைக்குக் கஞ்சி குடிச்சாகன்னு படிச்சீங்களே" என்றார் வள்ளிக்கண்ணு.

சித்திரை முதல் தேதி உயிரோடு இருந்தவரை மாசியில் கொன்றிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்.

"உள்ளபடி படிங்க ஐயா" என்றார். அவர் குரல் தாழவில்லை. "எனக்காக மாத்தாதீங்க. அவுகளுக்குத் திதி குடுக்கணும். எம்மக வருசா வருசம் தப்பான நாள்லயா அப்பனைக் கும்புடணும்?"

படித்தேன். ஐந்தாம் தேதி வரை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். யாரோ விரலை மடக்கி எண்ணுவது தெரிந்தது. "அப்ப, காய வெட்டிப் பத்துப் பன்னெண்டு நாளுக்குள்ள…" என்று ஒரு பெண் இழுத்தாள்.

"ஆமா. நாந்தான் வெட்டுனேன்" என்றார் வள்ளிக்கண்ணு.

அப்போது கருப்பாயி தரையில் கையூன்றி எழுந்தார். முந்தானை முழுக்க மண். மருமகளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவளை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்புடாது. வெட்டச் சொன்னதே நாந்தான். காச்சல்ல கெடந்து எனக்குத்தான் பசி தாங்கலை. வெட்டு ஆத்தா, வாறது வரட்டும்னு நாந்தான் சொன்னேன். கேக்குறதை என்கிட்ட கேளுங்க."

முற்றத்தில் அவருடைய மூன்று கல் அடுப்பு அப்போதும் புகைந்துகொண்டிருந்தது. அவர் மண்ணை வாரித் தூற்றிய அன்றைக்கு அங்கே நின்று கேட்ட அத்தனை பேரும் இன்றைக்கும் நின்றிருந்தார்கள். அவர் சொன்னதை நம்பியவர் ஒருவரும் இல்லை. மறுத்தவரும் இல்லை.

வள்ளிக்கண்ணு அதற்குப் பிறகுதான் அழுதார்.